மேசியா மனிதரா, கடவுளா? ஒரு பழைய வழக்கின் வரலாறு



தீபாவளியன்று விடியற்காலையில் வீட்டுப் பெரியவர்கள் நம் தலையில் எண்ணெய் வைக்கிறார்கள். கோயில் குடமுழுக்கின்போது தெய்வத் திருமேனிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்துகிறோம். எண்ணெய் வார்ப்பது ஒருவரைத் தூய்மைப்படுத்தும், சிறப்பிக்கும் என்பது உலகில் பல இனத்தார்க்கும் உள்ள எண்ணம். இன்றைய பேச்சின் பொருளும் எண்ணெயில்தான் தொடங்குகிறது.

ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் வாழ்ந்த எபிரேயர்கள், தங்கள் அரசனுக்குப் பட்டம் கட்டும்போது அவன் தலையில் ஒலிவ எண்ணெயை வார்த்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது என்னும் இளைஞனைச் சாமுவேல் என்னும் தீர்க்கதரிசி அழைத்து, கொம்பில் நிறைத்த எண்ணெயை அவன் தலையில் ஊற்றியதாக அவர்களுடைய வேதம் கூறுகிறது. தலைமைக் குருவான ஆரோனுக்கும் அப்படியே செய்தார்கள். இவ்வாறு எண்ணெய் வார்க்கப்பட்டவரை எபிரேய மொழியில் 'மஷியாக்' என்றார்கள். அச்சொல்லே கிரேக்கர் நாவில் திரிந்து, பிறகு நம்மிடம் 'மேசியா' என வந்தது. அதன் பொருளைக் கிரேக்கத்தில் பெயர்த்துச் சொன்னபோது 'கிறிஸ்தோஸ்' ஆயிற்று. இயேசு கிறிஸ்து என்னும்போது இரண்டாவது சொல்லைத் தகப்பனார் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெயரன்று, பட்டம். நம் மலாய் அண்டை வீட்டார் நபி ஈசாவை அல்-மசீஹ் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.

தலையில் எண்ணெய் வார்க்கப்பட்ட மனிதன் என்ற பொருளில் தொடங்கிய இச்சொல், கடவுளே மனிதராக வந்தவர் என்ற பொருளை எவ்வாறு அடைந்தது? இதற்குக் கிறிஸ்தவர்கள் காட்டும் சான்றுகளில் முக்கியமானவை யூதர்களின் வேதத்திலேயே இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் அதைப் பழைய ஏற்பாடு என்பார்கள். அதே வேதத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் யூதர்களோ, அதில் அப்படி ஒரு செய்தி இல்லவே இல்லை என்கிறார்கள். ஏடு ஒன்று, வழக்கு இரண்டு. யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. அது அவரவர் நெஞ்சத்து நம்பிக்கை. ஆனால் வழக்கு எப்படி மூண்டது, எப்படி நடந்தது, அதில் யார் எதை இழந்தார்கள் என்பது வரலாறு. அதை நாம் அமைதியாக இருந்து கேட்கலாம்.

முதலில் யூதர்களின் நிலைமையைக் காண்போம். தாவீதின் அரியணை என்றென்றும் நிலைக்கும் என்றும், அவன் வழித்தோன்றலுக்கு இறைவன் தந்தையாக இருப்பார் என்றும் அவர்களுக்கு ஒரு வாக்குறுதி இருந்தது. ஆனால் கி.மு. 586-ல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து, கோயிலைக் கொளுத்தி, மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனான். அரியணை போயிற்று. வாக்குறுதி மட்டும் ஏட்டில் நின்றது. அப்படியானால் தாவீதின் வழியில் எண்ணெய் வார்க்கப்பட்ட ஒருவர் இனிமேல்தான் வரவேண்டும் என்று அம்மக்கள் காத்திருக்கலானார்கள். 'ஒரு மேசியா' என்பது 'அந்த மேசியா' என்று ஆனது இந்தக் காத்திருப்பினால்தான்.

ஒரு வியப்பான செய்தியையும் சொல்லவேண்டும். கி.மு. 539-ல் பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்டான். தமிழ் விவிலியத்தில் இவன் பெயர் கோரேசு. ஏசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் இந்த அயல்நாட்டு அரசனையே இறைவனின் மேசியா என்று அழைக்கிறது. அவன் யூதனும் அல்லன், யூதர்களின் கடவுளை அறிந்தவனும் அல்லன். அச்சொல் அந்தக் காலத்தில் கடவுள்தன்மையைக் குறிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளில் எதிர்பார்ப்பு பலவாறாகப் பிரிந்தது. சாக்கடல் ஓரத்தில் கும்ரான் என்னுமிடத்தில் வாழ்ந்த ஒரு யூதக் குழுவினர் இரண்டு மேசியாக்கள் வருவார்கள் என்று எழுதிவைத்தார்கள். ஒருவர் குரு, மற்றவர் அரசர். ஏனோக்கின் பெயரால் வழங்கும் ஒரு நூல், உலகம் படைக்கப்படுமுன்பே இறைவனிடம் மறைந்திருந்த ஒரு மீட்பரைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே யூதர்கள் எல்லாரும் ஒரே மாதிரியான மேசியாவை எதிர்பார்த்தார்கள் என்று எண்ணுவது பிழை.

இந்தச் சூழலில்தான் நாசரேத்தூர் இயேசு தோன்றினார். கி.பி. 30-ஐ ஒட்டி உரோமை ஆளுநன் பிலாத்து அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றான். வழக்கமாக, தலைவன் கொல்லப்பட்டால் அவனைப் பின்பற்றியவர்கள் கலைந்துபோவார்கள். இங்கோ அவர் உயிர்த்தெழுந்துவிட்டார் என்று சீடர்கள் அறிவித்தார்கள். சீடர்கள் அனைவரும் யூதர்கள். இறைவன் ஒருவரே என்னும் அறிக்கையைக் காலையும் மாலையும் ஓதி வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவராகச் சேர்ந்த பவுல், பிலிப்பி நகரத்தார்க்கு ஒரு மடல் எழுதினார். இயேசு இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருக்கும், அவ்வளவே. எல்லா முழங்கால்களும் தமக்கு முன்பாகவே மடங்கும் என்று ஏசாயா நூலில் இறைவன் தம்மைப் பற்றிச் சொன்ன கூற்றை, அம்மடலில் பவுல் இயேசுவுக்கு உரியதாக்கினார். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது தெரியுமா? சைரஸை மேசியா என்று அழைத்த அதே 45-ஆம் அதிகாரத்தில்தான்.

இயேசுவுக்குத் தெய்வ வணக்கம் செலுத்துவது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிரேக்கர் நுழைத்த வழக்கம் என்று முன்பு சிலர் எழுதியதுண்டு. பவுலின் மடல்கள் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. அந்த நம்பிக்கை முதல் தலைமுறையிலேயே, யூதர் நடுவிலேயே பிறந்தது. ஆனால் அது பிறந்த முறையைக் கவனிக்க வேண்டும். ஏட்டைப் படித்து, அதிலிருந்து கணக்கிட்டு, மேசியா கடவுளாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வரவில்லை. இயேசுவைப் பற்றிய நம்பிக்கை முதலில் வந்தது. அந்த விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய ஏட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அப்போது முன்பு கண்ணில் படாத வரிகளெல்லாம் ஒளிவிட்டன. லூக்காவின் நற்செய்தி இதை மறைக்கவுமில்லை. உயிர்த்தெழுந்த பிறகே இயேசு சீடர்களுக்கு வேதத்தின் பொருளைத் திறந்து காட்டினார் என்கிறது. விளக்கைக் கையில் எடுக்காத மற்ற யூதர்களுக்கு அதே வரிகள் முன்போலவே தெரிந்தன. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி அந்த வரிகளில் சிலவற்றைப் பார்ப்போம். எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாது.

மிகவும் பெயர்பெற்றது ஏசாயா 7-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். கி.மு. 735 வாக்கில் யூதா நாட்டை ஆகாஸ் என்பவன் ஆண்டான். வடக்கேயிருந்து இரண்டு அரசர்கள் கூட்டாகப் படையெடுத்து வருகிறார்கள். மன்னன் நடுங்குகிறான். ஏசாயா அவனிடம் போய், அஞ்சாதே, உனக்கு ஓர் அடையாளம் தருகிறேன் என்கிறார். ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவாள், அக்குழந்தைக்கு நன்மை தீமை தெரியும் பருவம் வருமுன்னே அந்த இரு அரசர்களின் நாடும் பாழாகும். இதுதான் செய்தி. அப்படியே கி.மு. 732-ல் தமஸ்கும், 722-ல் சமாரியாவும் அசீரியர் கையில் வீழ்ந்தன.

சிக்கல் அந்தப் பெண்ணைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. எபிரேயத்தில் 'அல்மா' என்று உள்ளது. இளம்பெண் என்பது அதன் பொருள். மணமாகாதவள் என்று சொல்லிலேயே கட்டாயம் இல்லை. ஆனால் அப்படிப் பட்டவளையும் அது குறிக்கும். நம் ஊர்ப்பேச்சில் 'குமரி' என்கிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இயேசு பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னதாக, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா போன்ற நகரங்களில் குடியேறிய யூதர்கள் எபிரேயத்தை மறந்து கிரேக்கம் பேசலானார்கள். அயல்நாட்டில் பிழைக்கப்போன மக்களின் பிள்ளைகள் தாய்மொழி மறப்பது நமக்குத் தெரியாத செய்தியா? அவர்களுக்காக வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. அந்தப் பெயர்ப்பில் 'அல்மா' என்ற இடத்தில் 'பார்த்தெனோஸ்' என்று எழுதினார்கள். அதன் பொருள் கன்னி.

மத்தேயு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதியபோது இந்தப் பெயர்ப்பையே எடுத்து, இது மரியாளிடத்தில் நிறைவேறிற்று என்றார். கிறிஸ்தவர்கள் சொல்லை மாற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவது சரியாகாது. மாற்றம் என்றால் அதைச் செய்தவர்கள் கிறிஸ்தவம் தோன்றுமுன் வாழ்ந்த யூத மொழிபெயர்ப்பாளர்கள். இரண்டாம் நூற்றாண்டில் அக்குயிலா என்னும் யூத அறிஞர் புதிதாக ஒரு கிரேக்கப் பெயர்ப்புச் செய்து, 'இளம்பெண்' என்ற சொல்லைப் போட்டார். அதற்குள் வழக்கு முற்றியிருந்தது.

கன்னியிடம் பிறந்ததனால் மட்டும் ஒருவர் கடவுளாகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். கிறிஸ்தவர்கள் கடவுள்தன்மையைக் கண்டது இம்மானுவேல் என்ற பெயரில். இறைவன் நம்மோடு என்பது அதன் பொருள். யூதர்கள் கேட்டார்கள்: பெயரை வைத்து முடிவு செய்யலாமா? ஏசாயா தம் சொந்தப் பிள்ளைகளுக்கும் இத்தகைய செய்திப் பெயர்களை வைத்தவர். ஒரு மகனின் பெயருக்கே 'எஞ்சியோர் திரும்புவர்' என்று பொருள்.

இதே கேள்வி 9-ஆம் அதிகாரத்திலும் எழுகிறது. நமக்கு ஒரு குழந்தை பிறந்தது என்று தொடங்கும் பகுதி அது. அக்குழந்தைக்கு வல்லமையுள்ள தேவன், நித்திய பிதா என்பன போன்ற பெயர்கள் அங்கே தரப்படுகின்றன. இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது என்று கிறிஸ்தவர்கள் கேட்கிறார்கள். யூத விளக்கமோ, அது ஆகாஸின் மகன் எசேக்கியாவைப் பற்றியது என்கிறது. எபிரேயப் பெயர்கள் பெரும்பாலும் ஒரு சிறு வாக்கியமாக இருக்கும். அந்த வாக்கியம் பேசுவது இறைவனைப் பற்றி, பெயர் தாங்கியவனைப் பற்றியன்று. என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பரமசிவம் உண்டு, கிருஷ்ணன் உண்டு. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பவன் வீட்டுப்பாடம் செய்யாத பையன்தான். ஆயினும் கிறிஸ்தவர்களின் மறுமொழியும் லேசானதன்று. ஒரு பெயரன்று, அடுக்கடுக்காகப் பெயர்கள். அதோடு முடிவில்லாத ஆட்சி என்றும் அங்கே சொல்லியிருக்கிறது. எசேக்கியாவின் ஆட்சி முடிந்துபோயிற்றே என்கிறார்கள்.

எரேமியா நூலில் 23-ஆம் அதிகாரம், தாவீதின் வழியில் வரப்போகும் அரசனுக்கு இறைவனின் திருப்பெயரே சேர்ந்த ஒரு பெயரைத் தருகிறது. கிறிஸ்தவர்கள் இதையும் காட்டுவார்கள். ஆனால் 33-ஆம் அதிகாரத்தில் அதே பெயர் எருசலேம் நகரத்துக்கே சூட்டப்படுகிறது என்பதைப் படிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை.

சங்கீதம் 110 இன்னொரு வகை. புதிய ஏற்பாட்டில் இதைப்போல் அடிக்கடி எடுத்தாளப்பட்ட பகுதி வேறில்லை. இறைவன் ஒருவரைத் தம் வலப்பக்கத்தில் அமரச் சொல்கிறார். பாடுபவர் அந்த ஒருவரைத் தன் ஆண்டவர் என்கிறார். பாடியவன் தாவீது என்றால், பேரரசனாகிய தாவீதே ஆண்டவர் என்று அழைக்கும் அவர் யார்? இக்கேள்வியை இயேசுவே பரிசேயர்களிடம் கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். எபிரேய மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் உள்ளன. முதலாவது இறைவனின் திருப்பெயர். இரண்டாவது 'அதோனி', வேலைக்காரன் தன் எஜமானை அழைக்கும் சொல். ஆபிரகாமை அவருடைய ஊழியன் இப்படித்தான் அழைக்கிறான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் 'கூரியோஸ்' என்ற ஒரே சொல் விழுந்துவிட்டது. தமிழில் நல்லவேளையாகக் கர்த்தர், ஆண்டவர் என்று இரண்டாகவே இருக்கிறது.

தானியேல் 7-ஆம் அதிகாரத்தில், வானத்து மேகங்களோடு மனித மகன் போன்ற ஒருவர் வருகிறார். அவருக்கு அழியாத ஆட்சி கொடுக்கப்படுகிறது. அது துன்புறும் இறைமக்களைக் குறிக்கும் உருவகம் என்பதற்கு அவ்வதிகாரத்திலேயே சான்று உண்டு. ஆனாலும் அங்கே சொல்லப்படும் அரியணைகளில் ஒன்று இறைவனுக்கு, மற்றொன்று தாவீதுக்கு என்று ரபி அக்கிபா என்னும் பேரறிஞர் விளக்கியதையும், அப்படிப் பேசலாமா என்று மற்றொரு ரபி அவரைக் கடிந்துகொண்டதையும் யூதர்களின் தல்மூத் நூல் மறைக்காமல் பதிந்துவைத்திருக்கிறது. யூதர் வீட்டுக்குள்ளேயே இக்கேள்வி எழுந்து அடங்கியது என்பது இதனால் விளங்குகிறது. இக்காலத்து யூத அறிஞர் டேனியல் போயாரின் 2012-ல் வெளியிட்ட நூலில், தெய்வத்தன்மை கொண்ட மேசியா என்ற எண்ணத்தைக் கிறிஸ்தவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, அது தானியேலைப் படித்த யூதர்களிடமே இருந்தது என்று வாதிடுகிறார். அதை ஏற்காத யூத அறிஞர்களும் பலர்.

இனி வழக்கு நடந்த இரண்டு மன்றங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கி.பி. 132 முதல் 135 வரை யூதர்கள் உரோமையை எதிர்த்துப் பெரும்போர் நடத்தித் தோற்றார்கள். அப்போரிலிருந்து தப்பி வந்த திரிபோ என்னும் யூதரும், ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவத் தத்துவ ஆசிரியரும் சந்தித்துப் பேசியதாக ஓர் உரையாடல் நூல் உண்டு. 160-ஐ ஒட்டி ஜஸ்டினே எழுதியது. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்களில் ஒருவரும், மோசேயுடன் முட்செடி நெருப்பிலிருந்து பேசியவரும் மனிதராகப் பிறக்குமுன் இருந்த கிறிஸ்துவே என்று ஜஸ்டின் வாதிடுகிறார். திரிபோவோ, நாங்கள் எதிர்பார்க்கும் மேசியா மனிதருக்குப் பிறக்கும் மனிதரே என்கிறார். 'இளம்பெண்' என்பதே சரி, அது எசேக்கியாவைக் குறிக்கும் என்றும் சொல்கிறார். ஜஸ்டின் பேச்சில் கடுமை உண்டு. யூதர்கள் வேதத்தைத் திருத்திவிட்டார்கள் என்றுகூடக் குற்றம் சாட்டுகிறார். எழுதியவர் ஜஸ்டின் என்பதால் திரிபோவின் வாய்க்குச் சற்றுப் பூட்டுப் போட்டிருப்பார் என்றும் நாம் எண்ண இடமுண்டு. இருந்தும் நூல் எப்படி முடிகிறது? ஒருவரை ஒருவர் வென்றதாக இல்லை. மீண்டும் சந்தித்தால் நலம் என்று சொல்லி, வாழ்த்திப் பிரிகிறார்கள். அவர்களில் ஒருவர் உரோமையால் ஊரிழந்த அகதி. மற்றவரை 165 வாக்கில் அதே உரோமை தலையை வெட்டிக் கொன்றது. இருவர் கையிலும் அதிகாரம் இல்லை.

பிறகு காலம் மாறிற்று. 325-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நீசேயா என்னும் ஊரில் ஆயர்களைக் கூட்டினார். இம்முறை சண்டை கிறிஸ்தவர்களுக்குள்ளேயே. அதிலும் எபிரேய வேதத்து வரி ஒன்று பெரும்பங்கு கொண்டது. நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரத்தில் ஞானம் பேசுகிறது. ஆதியில் இறைவன் என்னைப் படைத்தார் என்று கிரேக்கப் பெயர்ப்பில் இருக்கிறது. அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதை இருதரப்பும் ஒப்புக்கொண்டது. அப்படியானால் கிறிஸ்து படைக்கப்பட்டவர்தானே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியு என்னும் குரு கேட்டார். மூலத்தில் உள்ள எபிரேயச் சொல்லுக்கு உடைமையாகக் கொண்டார் என்றும் பொருள் கொள்ளலாம். சங்கம் ஆரியுவைத் தள்ளி, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. அன்றுமுதல் இந்த நம்பிக்கைக்குப் பின்னால் அரசாங்கமும் வந்து நின்றது.

இரண்டாவது மன்றம் 1263-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் கூடிற்று. அரகோன் மன்னன் முதலாம் ஜேம்ஸ் தலைமை தாங்கினான். கிறிஸ்தவர் பக்கம் பேசியவர் பாப்லோ கிறிஸ்தியானி; யூதராகப் பிறந்து கிறிஸ்தவத் துறவியானவர். மறுபக்கம் ஜிரோனா ஊரைச் சேர்ந்த ரபி மோசே பென் நக்மான். எழுபதை நெருங்கிய முதியவர். மருத்துவமும் அறிந்தவர். விரும்பி வந்தவர் அல்லர். அரசன் ஆணையால் வந்தவர். தோற்றால் தம் மக்கள் மதம் மாற நெருக்கப்படுவார்கள், வென்றாலோ ஆள்வோரின் சினம் பாயும். இருபதாண்டுகளுக்கு முன்தான் பாரிசு நகரில் இத்தகைய வாதத்தின் முடிவில் தல்மூத் ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொளுத்தியிருந்தார்கள். இந்த நிலையில் அவர் கேட்டது ஒன்றே: மனத்தில் உள்ளதைத் தடையின்றிப் பேச உரிமை வேண்டும். மன்னன் கொடுத்தான்.

மேசியா வந்துவிட்டாரா, அவர் கடவுளா மனிதரா, அவர் துன்புற்று இறந்தாரா என்பவை பேசுபொருள்கள். பாப்லோ யூதர்களின் சொந்த நூல்களிலிருந்தே மேற்கோள் காட்டினார். சங்கீதம் 110 வந்தபோது நக்மான் நயமான விடை சொன்னார். தாவீது அப்பாடல்களை இயற்றியது கோயிலில் லேவியர் பாடுவதற்காக. ஆகவே பாடுபவர் வாயிலிருந்து வருமாறு, தன்னையே 'என் ஆண்டவர்' என்று எழுதிவைத்தான் என்றார். பிறர் பாடுவதற்குப் பாட்டுக் கட்டித்தருபவர்களை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

அவருடைய பெரிய வாதம் வேறு. மேசியாவின் காலத்தில் சண்டை ஓயும், வாள்கள் கலப்பைகளாகும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்களே. இயேசுவின் காலம் தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்றார். அதோடு நிற்காமல் அரசனை நோக்கி, போர்க்கலை பயிலக்கூடாது என்றால் உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கடினமாக இருக்கும் என்றும் கேட்டார். அந்த அவையில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். மேலும், நமக்குள் உள்ள உண்மையான வேற்றுமை மேசியாவைப் பற்றியதன்று, கடவுளைப் பற்றியது என்றார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு தாயின் வயிற்றில் வளர்ந்து, பிறந்து, பகைவர் கையில் இறந்தார் என்பதைத் தம் அறிவு ஏற்கவில்லை என்றார். கிறிஸ்தவர்கள் எதைக் கடவுளின் பேரன்பு என்று போற்றுகிறார்களோ, அதுவே அவருக்கு ஏற்கமுடியாததாக இருந்தது.

வாதத்தில் வென்றது யார்? இலத்தீன் மொழிக் குறிப்பு, ரபியால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறது. ரபி எபிரேயத்தில் எழுதிய குறிப்போ, தவறான கட்சியை இவ்வளவு திறமையாக வாதாடியவரைத் தாம் கண்டதில்லை என்று மன்னனே பாராட்டி, வழிச்செலவுக்கு 300 காசு கொடுத்தனுப்பியதாகக் கூறுகிறது. வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

பின்விளைவைப் பற்றி மட்டும் ஐயமில்லை. அதே ஆண்டில் பாப்லோவின் பிரசங்கங்களைக் கேட்க யூதர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. 1265-ல், எழுதிய குறிப்புக்காக ரபியின் மேல் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டினார்கள். பேச உரிமை தந்தது நீர்தானே என்று அவர் மன்னனுக்கு நினைவூட்டினார். மன்னன் கடுந்தண்டனை கொடுக்க விரும்பவில்லை, துறவிகள் விடவில்லை, போப்பரசரிடம் வரை முறையீடு போயிற்று. முதியவர் நாட்டைவிட்டுக் கப்பலேறினார். 1267-ல் எருசலேம் சேர்ந்து மகனுக்கு மடல் எழுதினார். பாழடைந்து கிடந்த அந்நகரில் துணிகளுக்குச் சாயம் தோய்க்கும் தொழில் செய்த சகோதரர் இருவரைத் தவிர வேறு யூதர் இல்லை என்று அதில் காண்கிறது. இடிந்த ஒரு கட்டடத்தைச் செப்பனிட்டுத் தொழுகைக்கூடம் அமைத்தார். ஸ்பெயினில் எஞ்சியிருந்த யூதர்கள் 1492-ல் மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணையால் ஒட்டுமொத்தமாகத் துரத்தப்பட்டார்கள்.

நம் காலத்திலும் வழக்கு ஓய்ந்துவிடவில்லை. 1947-ல் கும்ரான் குகைகளிலிருந்து ஏசாயா நூலின் சுருளேடு ஒன்று வெளிப்பட்டது. நீளம் 7 மீட்டருக்கு மேல்; இயேசு பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முந்தியது. 7-ஆம் அதிகாரத்தில் 'அல்மா' என்ற அந்தச் சொல் யூதர்கள் ஓதிவந்தபடியே அதிலும் இருந்தது. எபிரேய ஏட்டில் அச்சொல்லை யாரும் பின்னால் திருத்தவில்லை என்பது உறுதியாயிற்று. அதற்குப் பொருள் என்ன என்ற வாதம் நின்றபடியே நின்றது. 1952-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் 'இளம்பெண்' என்று அச்சிட்டபோது, போதகர் ஒருவர் அந்தப் பக்கத்தை மக்கள் முன்னிலையில் எரித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 2001-ல் வெளியிட்ட அறிக்கை, யூதர்கள் தங்கள் வேதத்தைப் படிக்கும் முறையும் ஏற்கத்தக்க ஒரு முறையே என்று கூறிற்று. கிறிஸ்துவைப் பற்றிய தன் நம்பிக்கையில் திருச்சபை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பார்சலோனாவில் அந்த முதியவர் எதிர்பார்த்திருக்க முடியாத ஒரு சொல் அது.

நேயர்களே, கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளில் இரண்டு வகைத் தமிழ் விவிலியங்களைக் காணலாம். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகப் படித்துவரும் பழைய பெயர்ப்பு ஒன்று. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுப் பெயர்ப்பு மற்றொன்று. இரண்டையும் எடுத்து ஏசாயா 7-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். முன்னதில் 'கன்னிகை' என்று இருக்கும்; பின்னதில் 'இளம்பெண்' என்று இருக்கும். மத்தேயு முதல் அதிகாரத்துக்கு வந்தால் இரண்டுமே அவளைக் கன்னி என்றுதான் சொல்லும்.